"எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க" என்றால் என்ன கேட்பது: ரோடு, வரி, டேட்டாபேஸ்

தேவிபட்டினத்தில் ஆரம்பித்து சாயல்குடி வரை எந்தக் கரையோர ஊரிலும் ரோடு வேலையோ கடைக் கணக்கோ கம்ப்யூட்டர் வேலையோ எதைப் பற்றிக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "எல்லா ஊர்லயும் இப்படித்தாண்ணே." நான் மீன், கருவாட்டு வியாபாரிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவன். அதனால் ஆடிட்டர் வாயிலிருந்தும் காண்ட்ராக்டர் வாயிலிருந்தும், ஏன், என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் வாயிலிருந்தும் இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இதை எப்படி எதிர்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முறை சின்னது. ஒரு வழக்கத்தைப் பின்பற்றுமுன், அது எந்த இடத்துக்காக, என்ன நிபந்தனையில் பிறந்தது என்று கண்டுபிடியுங்கள். அந்த நிபந்தனை நம் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு திரும்பி வர எத்தனை வருஷம், எவ்வளவு பணம் ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். நிபந்தனை இருக்கிறது என்றால் வாயை மூடிக்கொண்டு பின்பற்றுங்கள், புதுமை செய்கிறேன் என்று கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுவதெல்லாம் மறுசிந்தனை இல்லை.

ரோட்டில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் தவறு கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் தெருவுக்கு எஸ்டிமேட் போடுகிறார்கள் என்றால் முதலில் மண்வெட்டியை எடுங்கள். இரண்டடி தோண்டிப் பாருங்கள். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல் வரும், கோடையில் கை நுழையும் அளவு வெடித்து மழையில் ஊதும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வெறும் மணல். இரண்டுக்கும் நடுவே, ஈரத்தோடு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர் மண். மூன்றுக்கும் ஒரே எஸ்டிமேட் வந்தால், தோண்டிய மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள், சிபிஆர் சோதனை எங்கே செய்தீர்கள் என்று. மண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சோதனை அது. மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் செய்ய வேண்டும். "வறண்ட மாவட்டம்தானே, ஊறவைக்க வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மழை குறைவு என்பது உண்மை, ஆனால் அந்தக் குறைந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும், கரையோரத்தில் நிலத்தடி நீரும் வெகு ஆழத்தில் இல்லை. ரோடு ஊறும்.

அடுத்தது உப்பு. இதைப் பற்றி எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட இருக்காது. கீழேயிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும், மெல்லிய தார்ப்பூச்சுக்கு அடியில் வந்து ஈரம் காய உப்பு படிகமாகிவிடும். படிகம் வளர வளர தார் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும், அப்புறம் ஒரு லாரி போனால் போதும், பெயர்ந்துவிடும். பார்ப்பவர்கள் "தார் கலப்படம்" என்பார்கள். பல நேரம் தார் நல்ல தார்தான், அடியில் ஜல்லிக்கும் கிராவலுக்கும் தெளித்து ரோலர் ஓட்டிய தண்ணீர்தான் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று டேங்கர் டிரைவரைக் கேளுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார். நல்ல தண்ணீர் கிடைக்கவே கிடைக்காது என்றால், அடித்தளம் போட்டு முதல் பூச்சுப் பூசியபின் வாரக்கணக்கில் வெயிலில் காயவிடாமல் உடனே மேல்தாரைப் போட்டு மூடச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாட்களில்தான் உப்பு மேலே ஏறுகிறது.

"அப்ப சிமெண்டு ரோடு போட்டுடுவோம், உப்பு ஒண்ணும் பண்ணாது." இதுவும் அரை உண்மை. கடல் உப்பு முக்கியமாகத் தின்பது கம்பியைத்தான். கம்பி இல்லாத தெரு கான்கிரீட்டுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் மண்ணில் சல்பேட் அதிகம் இருந்தால் சிமெண்டையே அரிக்கும், அதற்கென்றே தனி சிமெண்டு உண்டு. கலக்கும் தண்ணீருக்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 ஒரு வரம்பு சொல்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை, கம்பி உள்ளதற்கு 500 வரை. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஆகும் செலவு ஒரு லோடு ஜல்லி விலைக்குப் பக்கத்தில்கூட வராது. தண்ணீர் ஊற்றிக் காப்பது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்திலும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாள். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் காலையில் ஊற்றியது மத்தியானமே காய்ந்துவிடும், சாக்கை நனைத்துப் போட்டே ஆகவேண்டும். இந்த வழக்கத்தைத் தொடாதீர்கள், இது எல்லா ஊருக்கும் பொருந்துவது.

தூக்கியெறிய வேண்டிய வழக்கம் ஒன்று இருக்கிறது: பழைய ரோட்டுக்கு மேலேயே புது ரோடு. இரண்டு மூன்று தடவை போட்டபின் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விடும், மழைத்தண்ணீர் அடுப்படிக்கு வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளரே எல்லாத் துறைகளுக்கும் எழுதியிருக்கிறார், அதைக் கிராம சபையில் சொல்லுங்கள். நம் பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே நிலம் தட்டை. மழைத்தண்ணீர் கண்மாய் கண்மாயாக, ஊருணி ஊருணியாக வழிந்து கடைசியில் கடலுக்குப் போகிறது. அதற்குக் குறுக்கே ரோட்டை உயர்த்தினால் அது ரோடாக இருக்காது, கரையாகிவிடும், ஒரு பக்கம் தேங்கும், மறு பக்கம் காயும். அந்த இடத்தில் ரோட்டை உயர்த்தாமல் தண்ணீர் மேலே ஓடிப்போகும்படி கான்கிரீட் தரைப்பாலமாகப் போடுவது எத்தனையோ மேல். வருஷத்துக்குச் சில நாள் போக்குவரத்து நிற்கும், நிற்கட்டும்.

எந்த வண்டி ரோட்டைக் கெடுக்கிறது என்பதிலும் ஊரில் தவறான எண்ணம் இருக்கிறது. "பைக், ஆட்டோ ஜாஸ்தியாயிடுச்சு" என்பார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ரோடு போட்டு லாரிகளை ஓட்டோ ஓட்டென்று ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு என்று அதில் தெரிந்தது. நான்காம் அடுக்கு விதி என்பார்கள். பனி உறைந்து உருகும் ஊரில் எடுத்த கணக்கு அது என்பதால் இங்கே அச்சு அசலாகப் பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். 0.7 டன் கார் அச்சையும் 10 டன் லாரி அச்சையும் இந்தக் கணக்கில் ஒப்பிட்டால் லாரி அச்சு ஒரு தடவை போவது கார் அச்சு 40,000 தடவைக்கு மேல் போவதற்குச் சமம். 2018ல் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்க எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும், சேதம் 60 சதவீதம் கூடும். ஆகவே உங்கள் ஊர்த் தெருவில் ஐஸ் லாரி, மீன் கண்டெய்னர், உப்பு லாரி, தண்ணீர் டேங்கர் எத்தனை போகின்றன என்று ஒரு வாரம் இரவும் பகலும் எண்ணி எழுதி வையுங்கள். டிசைனில் 3 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் எண்ணி எழுதிவிட்டுப் போனால் அந்த எண் பொய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் லாரியும் அவ்வளவாக வராது.

பிளாஸ்டிக் ரோட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறை அது, 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடான ஜல்லியில் துண்டு பிளாஸ்டிக்கைப் போட்டுப் பூசவைத்துவிட்டுத் தார் கலப்பது. ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்கள் விட்டுப்போகும் பைகளுக்குப் பொருத்தமான முறைதான். ஆனால் கிழிந்த நைலான் வலையையும் போடலாமே என்று கேட்டால், முடியாது. ஜல்லி 170 டிகிரி வாக்கில் சூடாகிறது, நைலான் உருக 200க்கு மேல் வேண்டும். பிவிசி குழாயைப் போட்டால் நச்சுப் புகை வரும்.

சரி, வரிக்கு வருவோம். இங்கே பரவலான வழக்கம் இரண்டு: ஒன்று, பயந்து எல்லாவற்றையும் ரொக்கமாகவே வைத்துக்கொள்வது. இரண்டு, யாரோ சொன்னார்கள் என்று தேவையில்லாமல் ஜிஎஸ்டி நம்பர் எடுத்து மாதாமாதம் பூஜ்ஜியம் தாக்கல் செய்வது, மறந்தால் அபராதம் கட்டுவது.

2025 ஜூலையில் பெங்களூர்ச் சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தி வந்ததும் பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றினார்கள். மீன்காரர் எதற்குக் கழற்ற வேண்டும்? ஐஸ் போட்டு விற்கும் பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கருவாட்டைக் குவித்து வைத்து நிறுத்து விற்றாலும் கிடையாது. வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர் எத்தனை லட்சம் விற்றாலும் பதிவே செய்ய வேண்டியதில்லை. அதே நெத்திலிக் கருவாட்டைப் பையில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் மொத்த விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், அந்தப் பாக்கெட்டையே வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்துக் கேரளாவுக்கு அனுப்பினால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும், அதுவும் விற்பனையில் 1 சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய காம்போசிஷன் திட்டம் ஆகாது, அது மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டும். ஆக, லேபிள் ஒட்டுவதா வேண்டாமா என்பது டிசைனர் முடிவு செய்யும் விஷயமில்லை. ஒட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், கூடுதலாகக் கிடைக்கும் விலை இந்த வேலைகளையெல்லாம் தாங்குமா என்று.

வருமான வரியில் ரொக்கப் பழக்கம் நேராகவே கையைக் கடிக்கிறது. 1961 சட்டத்தின் 44ஏடி பிரிவில் (2026 ஏப்ரலிலிருந்து புதுச் சட்டம், பிரிவு எண் வேறு, விஷயம் அதேதான்) சிறு வியாபாரி கணக்குப் புத்தகம் இல்லாமலே விற்றுமுதலில் ஒரு பங்கை லாபமாகக் காட்டலாம்: ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம். வருஷம் 2 கோடி விற்றுமுதல் என்று வையுங்கள், மீன் வியாபாரத்தில் இது பெரிய எண் இல்லை. எல்லாம் ரொக்கம் என்றால் லாபம் 16 லட்சம், 2025-26 புதிய முறையில் செஸ்ஸோடு வரி 1,24,800 ரூபாய். எல்லாம் யுபிஐ, வங்கி என்றால் லாபம் 12 லட்சம், தள்ளுபடி போக வரி பூஜ்ஜியம். அதே மீன், அதே விலை. வேறு வருமானம் இருந்தால் கணக்கு மாறும், உண்மை லாபம் இதைவிட அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும், இரண்டையும் மறக்காதீர்கள்.

ஆனால் இங்கேயும் நிபந்தனையைத் தேடுங்கள். ஏலம் போட்டுக் கமிஷன் வாங்கும் தரகருக்கு 44ஏடி கிடையாது, கமிஷன் வருமானம் உள்ளவரைச் சட்டமே விலக்கியிருக்கிறது. கரையில் பாதிப் பேர் ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கிறவர்கள், காலையில் தரகர், சாயங்காலம் வியாபாரி. இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டுக் குழப்பாமல் பிரித்து வையுங்கள், ஆனால் பிரித்ததாலேயே வியாபாரப் பகுதிக்கு 44ஏடி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, இந்தத் திட்டத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு அடுத்த வருஷம் லாபத்தைக் குறைத்துக் காட்ட வெளியே போனால் 5 வருஷத்துக்குத் திரும்பி உள்ளே வர முடியாது. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கடைசியாக என் தொழில். டேட்டாபேஸில் "எல்லாரும் இப்படித்தான்" என்பது மற்ற இரண்டையும்விட வேகமாகப் பரவும், ஏனென்றால் எல்லாம் எங்கோ ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிய பாடத்திலிருந்து வருகிறது.

ஏலக்கூடத்தில் ஒரே ஒரு லேப்டாப் வைத்து எடை எழுதும் இடத்துக்குக் கிளவுட் சர்வர் எதற்கு? பாம்பன் தாண்டினால் சிக்னல் அதன் இஷ்டம். விடிகாலையில் இணையம் போனால் மீன் காத்திருக்காது. எஸ்க்யூலைட் போதும். மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், சர்வர் கிடையாது, உங்கள் போனுக்குள்ளேயே அது பல இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. ஒரு தராசு, ஒரு கணக்குப்பிள்ளை என்றால் அது எல்லையே இல்லை. பல கரைகளிலிருந்து பலர் ஒரே நேரம் எழுத வேண்டும் என்ற நாள் வந்தால் சர்வரில் ஓடும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குப் போகலாம்.

போனீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். ஒரு படகுக்குக் கொடுக்க ஒதுக்கிய முன்பணத்தில் மீதி 40,000. இரண்டு பேர் இரண்டு மேசையில் ஒரே நேரத்தில் அதைத் திறக்கிறார்கள், இருவர் திரையிலும் 40,000. ஒருவர் 25,000 கொடுத்து மீதி 15,000 என்று சேமிக்கிறார், மற்றவரும் 25,000 கொடுத்து மீதி 15,000 என்றே சேமிக்கிறார். போனது 50,000, கணக்கில் மீதி 15,000. டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தின்படி, எதுவும் சொல்லாவிட்டால் பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோல இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தானாக எடுத்துக்கொள்வது அதைவிடத் தளர்வான நிலை, அந்தத் தளர்வில் இந்த ஓட்டை சர்வ சாதாரணமாக நடக்கும். ஆகவே மீதியை ஒரு எண்ணாக மாற்றி மாற்றி எழுதாதீர்கள். ஒவ்வொரு வரவும் பற்றும் தனி வரியாக விழட்டும், மீதியைக் கூட்டிப் பாருங்கள். பணம் கொடுக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் கடுமையான நிலையைக் கேட்டு வாங்குங்கள். பழைய கணக்குப்பிள்ளைகளும் பேரேட்டில் அடித்துத் திருத்தாமல் மாற்று வரிதான் எழுதினார்கள்.

பெயருக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள், இங்கே முன்னால் நிற்பது அப்பாவின் எழுத்து. ஒரே கட்டம், தனியாக அப்பா பெயர், ஊர், படகுப் பதிவு எண். பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள், புள்ளி வைத்த ஃப்ளோட் எண்ணாக வைத்தால் மாசக் கடைசியில் பத்துப் பைசாவைத் தேடி ராத்திரி உட்கார்ந்திருப்பீர்கள். மீன் பெயருக்குத் தனி அட்டவணையும் அதற்கு மாற்றுப் பெயர்களும் வேண்டும், ஒருவர் மத்தி என்பார் இன்னொருவர் சாளை என்பார்.

தகவலை ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் விற்ற அன்றைய விலையும் வரிவீதமும் அந்த பில் வரியிலேயே பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று விலையை மாற்றினால் போன மாச பில்லும் மாறும். வரிவீதத்தை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியின் 12, 28 அடுக்குகளில் பெரும்பாலானவை 5க்கும் 18க்கும் போனபோது, வீதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்தவர்களுக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமில்லை. தேதியோடு வைத்தவர்கள் ஒரு வரி சேர்த்துவிட்டுப் படுத்தார்கள்.

எஸ்க்யூலைட்டில் மறக்காமல் பார்க்க வேண்டியவை: அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்புச் சோதனை தானாக வேலை செய்யாது, ஒவ்வொரு இணைப்பிலும் இயக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை வெறுமனே பென்டிரைவில் காப்பி எடுத்தால் கடைசியாக எழுதியவை வேறு ஃபைலில் இருக்கக்கூடும், அதற்கென்று உள்ள பேக்கப் கட்டளையால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய ஏலத் தொகை சரியாக வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள்.

இந்த மாற்றத்தையெல்லாம் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலையைப் பின்னும், படகுக்கு வண்ணம் அடிக்கும் அந்த இரண்டு மாசத்தில் ஏலக்கூடத்திலும் வேலை குறைவு. பழைய நோட்டும் புது சாஃப்ட்வேரும் ஒரு மாசமாவது பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். அப்போது கரைக்கு வருவது நாட்டுப்படகு மீன் மட்டும் என்பதால் எந்த வரியில் வித்தியாசம் வந்தது என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். ரோட்டுக் கோரிக்கைக்கு மே 1 கிராம சபை இருக்கிறது, அதற்குள், தடைக்காலத்துக்கு முன்பே எண்ணிய லாரி எண்ணிக்கைத் தாளும் தண்ணீர்ச் சோதனைச் சீட்டும் கையில் இருந்தால் தீர்மானத்தில் அந்த எண்களோடு எழுதச் சொல்லிக் கேட்கலாம்.